வாறவைக்கு ஒரு பெட்டிப் பட்டியல்

ஆனி மாதம் முடியிறதுக்கு முன்னமே எங்கட வீட்டு வட்ஸ்அப் குழுக்களில் அந்தக் கேள்வி வந்துவிடும். "இங்கயிருந்து என்ன கொண்டு வர?" ரொறன்ரோவில் இருந்து சித்தி கேட்பா. லண்டனில் இருந்து மாமா கேட்பார். இங்க இருக்கிற அம்மாமார் எல்லாரும் அதுக்கு ஒரே பதில்தான் வைச்சிருக்கினம்: "ஒண்டும் வேண்டாம், நீங்கள் வந்தாலே காணும்." மூன்று நாள் கழித்துத் தனியாக ஒரு குரல்பதிவு போகும். உண்மையான பட்டியல் அதுக்குள்ளதான் இருக்கும்.

அதே கிழமைகளில், அங்க பிறந்து வளர்ந்த எங்கட மச்சான்மாரும் மச்சாள்மாரும் வேறொரு பட்டியலைத் தேடிக்கொண்டிருப்பினம். "வெப்பமண்டல நாட்டுக்குப் போகும்போது எடுத்துச் செல்ல வேண்டியவை" எண்டு இணையத்தில் தேடினால் நூற்றுக்கணக்கில் வரும். போன வருசம் வந்து நிண்ட ஒரு மச்சாள் தன்ர போனில் சேமித்து வைத்திருந்த பட்டியலைக் காட்டினா. நாங்கள் ஏழெட்டுப் பேர் சுற்றி இருந்து வாசித்தம். மலேரியாக் குளிசை, தண்ணீர் வடிகட்டும் குழாய், காட்டுக்குப் போடுற சப்பாத்து, பாம்புக்கடிக்கு முதலுதவிப் பை, மூன்று போத்தில் நுளம்பு எண்ணெய், கைகழுவும் திரவம் ஒரு லீற்றர், காய்ந்த உணவு. வாசிக்க வாசிக்கச் சிரிப்புத்தான் வந்தது. சிரித்து முடிய ஒருத்தி கேட்டாள்: "இதில இருக்கிற நாட்டில மனிசர் இருக்கினமா?"

அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறம். அந்த மச்சாளைக் குறை சொல்லுறதுக்கில்லை. அவ வாற ஊரில கடை இருக்கு, டிஸ்பென்சரி இருக்கு, அவவின்ர அம்மம்மாவே இருக்கிறா எண்டு அந்தப் பட்டியலை எழுதினவைக்குத் தெரியாது. அவவுக்குத் தெரியும். தெரிஞ்சும் அந்தப் பட்டியலைத்தான் நம்பினா. அதுதான் எங்களுக்கு உறுத்தினது.

முதலில் அந்த "வெப்பமண்டலம்" எண்ட சொல்லைப் பார்ப்பம். கடகக் கோட்டுக்கும் மகரக் கோட்டுக்கும் நடுவில் இருக்கிறதெல்லாம் வெப்பமண்டலம்தான். எங்கட தீவு முழுக்க வடக்கு அகலக்கோடு 6 பாகைக்கும் 10 பாகைக்கும் இடையில் கிடக்குது. அதுக்காக ஒரே பெட்டி எல்லா இடத்துக்கும் சரிவராது. ஆவணியில் யாழ்ப்பாணம் வந்தால் மழை அருமை, சோளகக் காற்றும் புழுதியும்தான். அதே மாதத்தில் காலிப் பக்கம் தென்மேல் மழை பெய்துகொண்டிருக்கும். அங்கயிருந்து நுவரெலியாவுக்கு ஏறினால் 1,868 மீற்றர் உயரம். இரவில் சுவெற்றர் இல்லாமல் படுக்கேலாது. "வெப்பநாடுதானே" எண்டு அரைக்கை பெனியனோடு போய், நுவரெலியா பஸ் நிலையத்தில் நிண்டு நடுங்கின சொந்தக்காரர் எல்லாக் குடும்பத்திலும் ஒராள் இருக்கிறார்.

மார்கழியில் வாறவைக்குக் கதையே வேற. யாழ்ப்பாணத்துக்கு வருசத்தில் கிடைக்கிற மழையின் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில்தான் கொட்டும். ஒழுங்கையில் முழங்கால் வரை வெள்ளம் நிக்கும். அந்த நேரம் சப்பாத்து ஒரு தண்டனை. றப்பர்ச் செருப்புத்தான் ராசா. அதை வன்கூவரில் வாங்கிக் காவிக்கொண்டு வரத் தேவையில்லை, சந்திக் கடையில் வாங்கலாம். குடையும் அப்படித்தான். குடை இங்க மழைக்கு மட்டும் பிடிக்கிற சாமானில்லை, ஆவணி வெயிலுக்கும் பிடிக்கிறது. ஆனால் அங்கயிருந்து வாற பொடியள் வெயிலுக்குக் குடை பிடிக்க வெட்கப்படுவினம். இரண்டாம் நாள் பின்னேரம் முகம் சிவந்து வந்து இருப்பினம்.

உடுப்பு விசயத்தில் சுருக்கமாகச் சொன்னால்: மெல்லிய பருத்தி. ஜீன்ஸ் ஒண்டு போதும், அதுவும் பயணத்துக்கு. நனைந்தால் காயாது, வியர்வை ஊறித் தொடையில் தோல் உரியும். வீட்டில் சாரம் தருவம். நல்லூருக்கு உள்ளே போகிற ஆம்பிளையள் மேற்சட்டை கழற்ற வேணும். அதனால் ஐந்து புதுச் சேட் கொண்டு வாறதைவிட ஒரு நல்ல வேட்டி பயன். கழற்றிப் போட லேசான செருப்பு வேணும். நாலு துளையில் கயிறு கட்டுற சப்பாத்தோடு வந்தால், கோயில், வீடு, சொந்தக்காரர் வீடு, அவைக்குப் பக்கத்து வீடு எண்டு ஒரு நாளைக்கு இருபது தரம் குனிய வேண்டிவரும்.

பெண்களுக்கான உடுப்பு எண்டு வரேக்க அந்தப் பட்டியல்களின் குரலே மாறிவிடும். தோளை மூடுங்கோ, முழங்காலை மூடுங்கோ, இறுக்கமானதைத் தவிருங்கோ, உள்ளூர்ப் பண்பாட்டை மதியுங்கோ. கோயிலுக்கு ஒரு முறை இருக்கு, அதை நாங்களும் மறுக்கேல்லை. ஆனால் அதே பட்டியலில் ஆம்பிளையளுக்கு ஒரு வரி இல்லை. அரைக் காற்சட்டையோடு அவை ஊர் முழுக்கத் திரியலாம். ஒரு பெட்டை கையில்லாத சட்டை போட்டுக்கொண்டு கடைக்குப் போனால் கண்ணெல்லாம் அவளிலதான். இதைப் "பண்பாடு" எண்டு வெளியில இருந்து எழுதுறவை எழுதேக்க, இங்க அந்தக் கண்களோடு தினமும் சண்டை பிடிக்கிற பெண்பிள்ளையளின் பக்கம் அந்தப் பட்டியலில் காணாமல் போகுது. எங்கட குழுவில் இருக்கிற பெண்கள் சொல்லுறது இதுதான்: உனக்கு வசதியானதைக் கொண்டு வா. ஒரு மெல்லிய சால்வையும் கொண்டு வா, வெயிலுக்கும் கோயிலுக்கும் உதவும். எங்க போடலாம், எங்க கரைச்சல் எண்டு எங்களைக் கேள். தெரு எங்களுக்குத் தெரியும்.

மாதவிடாய்ச் சாமான்கள் பற்றி ஒரு வரியாவது எழுத வேணும், ஏனெண்டால் அம்மாமார் குரல்பதிவில்கூடச் சொல்ல மாட்டினம். அணையாடை இங்க கடையில் இருக்கு, விலைதான் பிரச்சினை. மாதவிடாய்க் கிண்ணம் ஊர்க் கடையில் தேடிக் களைக்க வேண்டிவரும். தங்கச்சிமாருக்கு என்ன கொண்டு வர எண்டு யோசிக்கிற அக்காமாருக்கு இது ஒரு குறிப்பு: ஒரு கிண்ணம் கையளவு, எடையே இல்லை, வருசக்கணக்கில் பாவிக்கலாம். முதலில் அவளைத் தனியாகக் கேட்டுவிட்டுக் கொண்டு வாங்கோ.

இனி மருந்து. மலேரியாக் குளிசையை இன்னமும் சிலர் விழுங்கிக்கொண்டு வருகினம். ஒரு காலத்தில் இந்தத் தீவில் மலேரியா ஆட்களை வாரிக்கொண்டு போனது உண்மை. ஆனால் 2012க்குப் பிறகு உள்ளூரில் பரவின நோயாளி இல்லை எண்டு, 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. நாட்டின் மருத்துவ வரலாற்றில் பெருமைப்பட வேண்டிய விசயம். ஊர் ஊராகத் திரிந்து இரத்தம் எடுத்துப் பார்த்த ஊழியர்களின் வேலை அது, யுத்தம் நடந்த வடக்குக் கிழக்கிலும் நடந்த வேலை. அதைப் பற்றி எங்கட பாடப் புத்தகங்களும் பெரிதாகப் பேசுறதில்லை, வெளியில எழுதுற பட்டியல்களும் அறிஞ்சதாகத் தெரியேல்லை. இப்ப நிலைமை மறுவளம்: ஆபிரிக்காவோ இந்தியாவோ சுற்றிப்போட்டு இங்க வந்து காய்ச்சல் கண்டால், எங்கெங்க போனீர்கள் எண்டு டொக்ரரிடம் கட்டாயம் சொல்லுங்கோ. நோய் திரும்ப வாற வழி அதுதான்.

பயப்பட வேண்டியது டெங்குவுக்கு. 2017ஆம் ஆண்டில் மட்டும் நாடு முழுக்க 1,86,000க்கு மேற்பட்ட நோயாளிகள் பதிவாகினர். அந்த நுளம்பு பகலில் கடிக்கும், விடியப்புறமும் பொழுதுபடுற நேரமும் கூட. இரவு மட்டும் வலைக்குள் படுத்தால் காணாது. நுளம்பு எண்ணெய் ஒரு போத்தில் கொண்டு வாங்கோ, தப்பில்லை. காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் தவிர வேறு நோவுக் குளிசை போடாதேங்கோ. அங்கயிருந்து கொண்டு வாற இபுபுரோபனும் அஸ்பிரினும் டெங்குவில் இரத்தக் கசிவைக் கூட்டும். வயிற்றோட்டத்துக்கு ஜீவனிப் பக்கெற் எல்லா பாமசியிலும் இருக்கு, விலையும் கொஞ்சம்தான்.

மின்சாரம் ஒரு தனிக் கதை. எங்களிட்ட 230 வோல்ற். லண்டன், பரிஸ்காரருக்குப் பிரச்சினை இல்லை. கனடாக்காரர் கொண்டு வாற தலைமயிர் நேராக்கிற சாமான் 120 வோல்ற்றுக்குச் செய்தது. அடாப்ரர் போட்டால் பிளக் பொருந்தும், சாமான் எரியும். கலியாண வீட்டன்று காலமை, பெண்ணின் தலை பாதி நேராகிக் கொண்டிருக்கேக்க புகை வந்த கதைகள் எங்களிட்டக் கைவசம் நிறைய. பழைய வீடுகளில் வட்டக் கால் மூன்றுள்ள பிளக், புது வீடுகளில் சதுரக் கால் பிளக். இரண்டுக்கும் பொருந்துறது ஒண்டு கொண்டு வாங்கோ, அல்லது இங்க கடையில் சில நூறு ரூபாய்க்கு வாங்குங்கோ. பவர் பாங்கைப் பெரிய பெட்டிக்குள் போடாதேங்கோ, கைப்பையில்தான் கொண்டு வர விடுவினம்.

பவர் பாங் எண்டு எழுதின உடனே 2022 ஞாபகம் வருகுது. பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் மின்வெட்டு. சித்திரையில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்டேலாது எண்டு அறிவித்தது. காகிதம் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சை ஒத்திவைக்கப்பட்டது. ஆஸ்பத்திரியில் மருந்துச் சீட்டை எழுதித் தந்து "வெளியில வாங்குங்கோ" எண்டினம், வெளியிலும் இல்லை. அந்த வருசம் வந்த பெட்டிகளை நாங்கள் மறக்க மாட்டம். சொக்லேற் இருந்த இடத்தில் பிரஷர்க் குளிசை, இன்சுலின், குழந்தைப்பிள்ளைப் பால்மா, சோலார் லைற். அயலட்டையில் பத்து வீட்டுக்கு ஒரு பெட்டி பிரிஞ்சது. முதன்முறையாக "என்ன வேணும்" எண்ட கேள்விக்கு அம்மாமார் வெட்கப்படாமல், மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் எழுதி அனுப்பிச்சினம்.

எங்கட பெரியாக்களுக்கு அது இரண்டாம் முறை. 90களில் வன்னிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போன பட்டியலை எழுதினது அரசாங்கம். பற்றரி, எரிபொருள், பசளை, சவர்க்காரம், பல மருந்துகள் எல்லாம் தடை அல்லது கட்டுப்பாடு. ஜாம் போத்திலில் திரி போட்டுக் கொஞ்ச மண்ணெண்ணெயில் படித்தவை, சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்டவை இண்டைக்கு எங்கட அப்பாமாரும் ஆசிரியர்களும். கிளாலிக் கடல் தாண்டி வந்த பைகளுக்குள் ஒளிச்சு வந்த இரண்டு பேனாப் பற்றரியைப் பற்றி அவை கதைக்கிறதைக் கேட்டுப் பாருங்கோ, தங்கத்தைப் பற்றிக் கதைக்கிற மாதிரி இருக்கும். ஒரு ஊருக்கு என்ன போகலாம், என்ன போகக் கூடாது எண்டு எழுதுறது எவ்வளவு பெரிய அதிகாரம் எண்டு அவைக்குத் தெரியும்.

அதனால்தான் சொக்லேற் பற்றிக் கொஞ்சம் கடுமையாக எழுத வேண்டியிருக்கு. கழிவு விலையில் வாங்கி, திகதி முடிய இரண்டு கிழமை இருக்கேக்க, 23 கிலோவில் நாலு கிலோவைப் பிடிச்சுக்கொண்டு வாற சொக்லேற். கட்டுநாயக்காவில் இருந்து வானில் ஏழெட்டு மணித்தியாலம் வந்து சேரேக்க உருகி ஒரு கட்டியாகியிருக்கும். அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துத் திரும்ப இறுக்கி, வாற சின்னப் பிள்ளையளுக்கு ஒவ்வொன்றாகக் கொடுப்பினம். ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் வெளிநாட்டில் ஆள் இல்லை. ஆள் இல்லாத வீட்டுப் பிள்ளை அந்த மாதம் முழுக்கப் பக்கத்து வீட்டு வாசலில் நிக்கும். அதைப் பார்க்கேக்க எங்களுக்கு ஏதோ செய்யும். சொக்லேற் கொண்டு வர வேண்டாம் எண்டு சொல்ல நாங்கள் அவ்வளவு பெரிய ஆக்கள் இல்லை, எங்களுக்கும் விருப்பம்தான். கொண்டு வந்தால் ஒழுங்கைக்குக் கொண்டு வாங்கோ, வீட்டுக்கு மட்டும் வேண்டாம்.

பழைய உடுப்பும் அப்படித்தான். நல்லதைத் தோய்த்து மடித்துக் கொண்டு வந்தால் சந்தோசமாகப் போடுவம். பனிக்குப் போடுற கோட்டு, சிப் உடைஞ்ச ஜக்கற், ஒரு கால் சப்பாத்து (ஒரு கால்! மற்றது அடுத்த முறை வருமாம்) எல்லாம் கட்டிக்கொண்டு வந்து "அங்க ஆருக்காவது குடுங்கோ" எண்டு சொல்லேக்க, அந்த "ஆருக்காவது" ஆர் எண்டு நாங்கள் யோசிக்கிறம். எங்கட ஊரில் அப்படி ஒருத்தரும் இல்லை. பெயர் உள்ள ஆக்கள்தான் இருக்கினம். திகதி முடிஞ்ச குளிசையும், பாதி குடிச்சு மிச்சமான அன்ரிபயோற்றிக்கும் இந்த வகைதான். அங்க குப்பையில் போட மனம் வராததை இங்க கொண்டு வந்தால் இங்கயும் அது குப்பைதான், எங்கட கிணத்தடிக்குப் பக்கத்தில் புதைபடும்.

சரி, அப்ப எங்களுக்கு என்னதான் வேணும்? கேட்டால் சொல்லுவம். எங்களில் ஒருத்தனுக்கு வரைகலைப் பேனை வேணும், இங்க விலை மூன்று மடங்கு. ஒருத்திக்குக் காது கேட்கும் கருவிக்குப் பற்றரி, அவளின் அப்பாவுக்கு. புலம்பெயர்ந்த நாடுகளில் அச்சாகிற தமிழ்ப் புத்தகங்களும் சிற்றிதழ்களும் இங்க லேசில் கைக்கு வாறதில்லை. அங்க இருக்கிறவை எழுதினதை இங்க இருக்கிற நாங்கள் திருட்டுப் பிடிஎவ்பில் வாசிக்கிறம். இரண்டு புத்தகம் ஒரு கிலோ வராது.

இதுக்கெல்லாம் மேலாக ஒண்டைக் கேட்கப் போறம். அதுக்கு எடையும் இல்லை, சுங்கத்தில் கேள்வியும் இல்லை. படங்கள்.

80களிலும் 90களிலும் இங்கயிருந்து கடிதத்தோடு படங்கள் போகும். புது வீட்டுக் குடிபூரல், அக்காவின் சாமத்தியச் சடங்கு, அப்பப்பா கதிரையில் இருக்கிறது, முற்றத்து மாமரத்தடியில் எல்லாரும் வரிசையாக நிக்கிறது. வெளிநாட்டில் தனிய இருந்த பிள்ளையள் பார்க்க வேணுமெண்டு அனுப்பினது. பிறகு 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுக்க ஒரே இரவில் மழைக்குள்ளால் செம்மணிப் பாலம் தாண்டி நடந்தது. அல்பங்கள் அலுமாரிக்குள்ளேயே இருந்தன. திரும்பி வரேக்க அலுமாரியும் இல்லை, பல இடத்தில் வீடும் இல்லை. வன்னியில் இருந்தவை 2009இல் பையோடு வெளிக்கிட்டு, ஒவ்வொரு இடமாக ஒவ்வொரு பையை விட்டு, கடைசியில் வெறுங்கையோடு முகாமுக்குப் போனவை. எங்களில் பலருக்கு அப்பாவின் சின்ன வயசு முகம் தெரியாது. செத்துப்போன, காணாமல் போன மாமாவின் படம் எண்டு வீட்டில் மாட்டியிருக்கிறது அடையாள அட்டையில் இருந்து பெருப்பிச்ச ஒரு மங்கல் முகம்.

அனுப்பின அந்தப் படங்கள் இப்பவும் அங்கதான் இருக்கு. ஸ்காபரோவில் ஒரு நிலக்கீழ் அறையில், பிஸ்கற் ரின்னுக்குள், நீலக் கோடு போட்ட வான் கடித உறைகளோடு. பெரியப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டுது. அவருக்குப் பிறகு வீடு விற்கேக்க அந்த ரின்னைத் திறந்து பார்க்கிற பிள்ளைக்குப் படத்தில் இருக்கிறவை ஆரெண்டு தெரியாது. மூலப்படம் வேண்டாம், அது அவையின்ரை. ஒரு நாள் பின்னேரம் பெரியப்பாவுக்குப் பக்கத்தில் இருந்து, ஒவ்வொன்றாக ஸ்கான் பண்ணி, பின்பக்கத்தில் எழுதியிருக்கிறதையும் சேர்த்துப் பிடித்து, ஆர் ஆர் நிக்கினம் எண்டு அவர் சொல்லுறதைப் போனில் பதிந்து, விரலளவு பென் டிரைவில் போட்டுக்கொண்டு வாங்கோ. மச்சான்மார் மச்சாள்மாரே, தமிழ் எழுதத் தெரியாட்டிலும் பரவாயில்லை, பதிந்தால் காணும். எழுதுறதை நாங்கள் எழுதுவம்.

திரும்பிப் போகேக்க உங்கட பெட்டியை நாங்கள்தான் அடுக்குவம், அதில் விவாதமில்லை. வறுத்து இடிச்ச மிளகாய்த்தூள் இரண்டு கிலோ, மூன்று உறை போட்டு, உறைக்கு மேல் பழைய பேப்பர் சுத்தி. ஒடியல், பனங்கட்டி, பினாட்டு, மோர்மிளகாய், வேப்பம்பூ வடகம். கருவாடு கேட்பினம், ஆனால் அதை எந்த நாட்டுக்குள் விடுவினம், எதுக்குள் விட மாட்டினம் எண்டு போற ஆள்தான் முதலே பார்த்து வைக்க வேணும். உங்கட ரின்னுக்கு ஈடாக அம்மம்மாவின் குரலில் அரை மணித்தியாலம் பதிந்து அதே பென் டிரைவில் போட்டுவிடுவம். நல்லெண்ணெய்ப் போத்திலை மட்டும் உடுப்புக்கு நடுவில் வைக்காதேங்கோ. எவ்வளவு இறுக்கி மூடினாலும் அது கசியும்.